பூஜ்யத்துக்குக் கீழே

ஏழு வருடமாக
ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்,
காலை ஆறுக்கு ஒருமுறை
மாலை ஆறுக்கு ஒருமுறை.
சாட் ஏரி, கீழைக் கரை, அளவுப் பலகை மூன்று:
பூஜ்யம்.

பலகையின் அடியில் ஓணான் முட்டையிட்டது.
சம்பளம் அஞ்சமேனாவிலிருந்து
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது.
சில சமயம் ஏரியைப் போலவே
வராமலும் இருந்தது.

எங்கள் பேச்சில் சாட் என்றாலே பெரிய தண்ணீர்.
சாட் ஏரி என்று வரைபடத்தில் எழுதியவன்
ஏரியை இரண்டுமுறை எழுதியிருக்கிறான்.
ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று
நினைத்தானோ என்னவோ.

நான் பிறந்தபோது
நான்கு நாடுகளைத் தொட்டுக்கொண்டு கிடந்ததாம்.
எனக்கு மீசை அரும்புவதற்குள்
நடுவில் கோரை எழும்பி
வடக்கு வேறு தெற்கு வேறென்று பாகம் பிரிந்துவிட்டது.
வடக்குப் பங்கில் சில கோடைகளில் மணல்தான்.
தெற்குக்கு ஷாரி ஆறு இருந்தது.
யாரோ ஒருவர் ஊரில் மழை பெய்தால்
மாதங்கள் கழித்து எங்கள் கணுக்காலில் தெரியும்.

ஆழம் மட்டும் எப்போதும் கிடையாது.
ஹர்மத்தான் ஓயாமல் அடித்தால்
தட்டில் கஞ்சி சாய்கிற மாதிரி
மொத்த ஏரியும் மேற்கே சாய்ந்து
அரை நாள் நடைக்கு அப்பால் போய் நிற்கும்.
காற்று விட்டதும் திரும்பும்.
"கரை எது? கோடு போட வேண்டும்"
என்று வந்த அதிகாரியிடம்
எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார்.

நீர் விட்டுப்போன கறுப்பு மண்ணில்
யகனா சோளம் விதைத்தாள்.
விரலை ஊன்றினால் விரலும் துளிர்க்கும் மண்.
பால் பிடிக்கும் சமயத்தில்
கச்சல்லா வந்து நின்றான்.
"என் வலை கிடந்த இடம் இது."
"வலையை எடுத்துப் போயேன், யார் தடுத்தார்?"
"என் மீன்கள் முட்டையிட்ட இடம்."
"என் கதிரில் ஒரு செதில் காட்டு."

புலாமாவின் வீட்டு முன்னால்
நான்கு வெள்ளிக்கிழமை வழக்கு நடந்தது.
சாட்சிக்கு என் பதிவேட்டைக் கேட்டார்கள்.
பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு
"இதில் ஒன்றுமே இல்லையே" என்றார் புலாமா.
"ஆமாம்" என்றேன்.
அது யாருக்குச் சாதகம் என்று
எவருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் வெள்ளிக்கு முந்தின இரவு
காற்று நின்றது.
முதலில் தவளைகள்.
விடியலில் பலகையை நோக்கிப் போகையில்
பாதி வழியிலேயே செருப்பைக் கழற்றினேன்.

யகனா இடுப்பளவு நீரில் நின்று
முற்றாத கதிர்களை
ஒடித்து ஒடித்துப் படகில் எறிந்தாள்.
படகு கச்சல்லாவுடையது.
துடுப்பை ஊன்றி அசையாமல் பிடித்திருந்தான்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
கூரி மாடுகள்
பூசணி போல் பருத்த கொம்புகளைத் தூக்கியபடி
அடுத்த தீவுக்கு நீந்தின.
தீவு என்பது
நேற்றுவரை மணல்மேடு.

பதினொன்று என்று எழுதினேன்.
இரண்டு ஒன்றுகள்.
ஒன்றை மேலிருந்து கீழே இழுப்பதா
கீழிருந்து மேலேயா என்று
கை ஒரு கணம் தடுமாறியது.

கடலுக்குப் போக வழியில்லாத நீர்
கரித்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள் படித்தவர்கள்.
ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தேன்.
உப்பையெல்லாம் மண்ணுக்கடியில் எங்கோ இறக்கிவைத்துவிட்டு
வெறுங்கையோடு வந்திருந்தது.
இதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பூஜ்யம் என்று இத்தனை நாள் எழுதியதற்கு
நீர் இல்லை என்று பொருளில்லை,
பலகை நட்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.
இதையும் எழுதவில்லை.

பதினாறாம் நாள் மாலை ஆறு மணி.
படகிலிருந்து குனிந்து தேடினேன்.
பலகையைக் காணோம்.
அது நின்ற இடத்துக்கு மேலே
கச்சல்லா வலையை விரித்துக்கொண்டிருந்தான்.
பென்சிலை நாக்கில் தொட்டுவிட்டு
வெகுநேரம்
கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.